வெளிச்சாப்பாடும் சர்க்கரையும்: நம் டெல்டா ஓட்டல்களுக்குச் சரிப்படும் செயலி ஏதாவது உண்டா?

மருந்துப்பை

வணக்கம். ஊர் தஞ்சாவூர், வயது 43, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. திங்கள் கும்பகோணம், செவ்வாய் மயிலாடுதுறை, புதன் திருவாரூர், வியாழன் நாகப்பட்டினம், வெள்ளி பட்டுக்கோட்டை. ஆக வாரத்தில் ஐந்து நாள் காலையும் மதியமும் ஓட்டல்தான். நாகப்பட்டினம் போகிற அன்று ராத்திரியும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை போன வருடம் 6.3, இப்போது 7.1. நான் விற்பதே சர்க்கரை மாத்திரை. "இனிமேல் சாம்பிளை நீங்களே போட்டுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சிரிக்கிறார்.

போன மாதம் ஒரு செயலி போட்டுப் பார்த்தேன். தட்டைப் படம் எடுத்தால் கலோரி சொல்கிற வகை. முதல் நாள் கும்பகோணத்தில் இட்லி, கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்கிற எங்கள் பக்கத்துக் குழம்பு), ஒரு மெதுவடை. வடையை டோனட் என்றது. சரி, நடுவில் ஓட்டை இருக்கிறது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. கடப்பாவை உருளைக்கிழங்கு சூப் என்றது. மதியம் இலையைப் படம் எடுத்தால் "சாலட்" என்று வருகிறது. பச்சையாக அதற்குத் தெரிந்தது வாழை இலை. பின்னால் சாம்பார் வாளியோடு ஆள் நிற்கிறார், நான் கோணம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இலைக்காரர் "தம்பி, யூடியூபா?" என்றார்.

அப்புறம் அது கேட்கிற கேள்வி: "எத்தனை கப் சோறு?" நம் ஊரில் சோற்றைக் கப்பில் அளந்து போட்டு யார் பார்த்தது? பேசினில் வருகிறது, கரண்டியால் தள்ளுகிறார்கள், போதும் என்று கையை நீட்டுவதற்குள் இன்னொரு கரண்டி விழுந்துவிடுகிறது.

வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டிய பிழைப்பு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்பவர்களுக்கு முன்கூட்டியே கும்பிடு. காலை ஆறரை பஸ்ஸில் ஏறுபவன் நான். உங்களில் யாராவது எதையாவது பயன்படுத்திப் பலன் கண்டிருந்தால் சொல்லுங்கள்.

அரசலாறு

தம்பி, கும்பகோணத்துக்காரன் எழுதுகிறேன். வயது 68, வங்கியில் ஓய்வு பெற்றவன், சர்க்கரை வந்து 19 வருடம். செயலி எதுவும் என் போனில் கிடையாது. குளுக்கோமீட்டர் ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று. சாப்பிட உட்காரும் முன் ஒரு குத்து. முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குத்து. வித்தியாசத்தை மட்டும் எழுத வேண்டும். பற்று வரவு எழுதிய கைக்கு இது சிரமமே இல்லை.

ஒரே கடையில், ஒரே நேரத்தில், வேறு வேறு நாளில் எடுத்த கணக்கு: நாலு இட்லி சாம்பார், 78 ஏறியது. பொங்கல் வடை, 71. இரண்டு அடையும் அவியலும், 44. இட்லி ஆவியில் வெந்தது, சர்க்கரைக்காரனுக்கு நல்லது என்று நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். என் ரத்தம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி அரிசிதானே, ஆவியில் வெந்தால் என்ன, அடுப்பில் வெந்தால் என்ன.

இது என் உடம்புக் கணக்கு. உங்களுக்கு வேறாக இருக்கலாம். அதற்குத்தான் உங்கள் நோட்டை நீங்கள் எழுத வேண்டும்.

திண்ணை

எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறு. காலையில் பழையது, மதியம் சோறு, ராத்திரி சோறு. 84 வயது வரை இருந்தார். செயலியும் இல்லை, விரலில் குத்தலும் இல்லை. சாப்பாட்டைப் படம் பிடித்துக் கணக்குப் பார்க்கிற தலைமுறைக்குச் சோறு செரிக்காமல் போனால் ஆச்சரியம் என்ன?

பாமணி

திண்ணை அண்ணா, தாத்தா காலையில் எத்தனை மணிக்கு வயலில் இறங்கினார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்புறம் பக்கத்துத் தெரு மளிகைக்கு இன்று நீங்கள் எதில் போனீர்கள் என்றும் சொல்லுங்கள். சண்டைக்கு வரவில்லை. சேடை ஓட்டி, நாற்றுக் கட்டு சுமந்து, தண்ணீர் பாய்ச்ச ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போன உடம்பு அது. சோறு அப்படியேதான் இருக்கிறது. அதை எரித்த வேலைதான் போய்விட்டது.

மருந்துப்பை அண்ணா, நான் மன்னார்குடிப் பெண், சென்னையில் படங்களை அடையாளம் காணும் மென்பொருள் எழுதுகிற வேலை (சாப்பாட்டுச் செயலி இல்லை, தொழிற்சாலைப் பொருள்களில் விரிசல் கண்டுபிடிப்பது). உங்கள் செயலி ஏன் திணறுகிறது என்று சொல்ல முடியும்.

டோனட் பிரச்சினை சின்னது. நம் ஊர்ப் படங்களை நிறையக் காட்டிப் பழக்கினால் வடையை வடை என்று சொல்லிவிடும். பெரிய பிரச்சினை, படத்தில் தெரியாத விஷயம். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4. ஒரே மாதிரி சிவந்த இரண்டு தோசையில் ஒன்றுக்கு ஒரு கரண்டி எண்ணெய், இன்னொன்றுக்கு மூன்று கரண்டி. கேமராவுக்கு இரண்டும் ஒன்று. சாம்பாரில் துவரம்பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதும் அப்படித்தான். சோற்றுக் குவியலின் உயரத்தை மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் கணிப்பதும் கஷ்டம்.

இன்னொன்று. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலில் 528 பொருள்கள் இருக்கின்றன. அருமையான வேலை. ஆனால் அது பெரும்பாலும் சமைக்காத பொருள்களின் கணக்கு: அரிசி, பருப்பு, காய், மீன். "வத்தக்குழம்பு, மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்ட் எதிர்க் கடை" என்று ஒரு வரி அதில் இருக்க முடியாது இல்லையா? செயலிக்காரர்கள் ஒரு செய்முறையை வைத்துக் கூட்டிக் கழித்து ஒரு எண்ணைப் போடுகிறார்கள். அந்தச் செய்முறை வீட்டுச் செய்முறை. ஓட்டல் மாஸ்டரின் கை அதில் இல்லை.

தராசுத்தட்டு

தஞ்சாவூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இரண்டு விஷயம்.

ஓட்டலே கலோரியை எழுதிப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் மத்திய உரிமம் வாங்கியவை, அல்லது 10 இடங்களுக்குக் குறையாமல் கடை உள்ளவை, மெனுவில் ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிலோ கலோரி என்று காட்ட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் நடப்பு. பீட்சாக் கடைப் பலகையில் விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மெஸ்ஸுக்கும் டிபன் கடைக்கும் இது பொருந்தாது. மருந்துப்பை சார் சாப்பிடுகிற இடங்களில் ஒன்றுகூட இதில் வராது என்று நினைக்கிறேன்.

சரி, எழுதிப் போட்டால் மட்டும் என்ன ஆகும்? உலக அளவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2025 ஜனவரியில் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. கலோரி எழுதியதால் மக்கள் தேர்ந்தெடுத்த உணவில் குறைந்தது சராசரியாக 1.8 சதவீதம். 600 கலோரிச் சாப்பாட்டில் 11. ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன், கோடிக்கணக்கானவர் சாப்பிடும்போது அதுவும் சேரும். ஆனால் உங்கள் 7.1 அதனால் 6.3 ஆகாது.

அரசலாறு ஐயா எழுதிய முறையை என்னிடம் வருபவர்களுக்கு நானும் சொல்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்து அதே அளவில் இருந்து சோறு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மருந்துப்பை சாருக்குத் தெரியாதது இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காக.

கடலோரம்

நாகப்பட்டினம். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர். எல்லாச் செயலியும் கலோரி, கலோரி என்றே பேசுகிறது. உப்பைப் பற்றி எது பேசுகிறது? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீன்குழம்பு, கருவாட்டுத் தொக்கு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் ஒரே இலையில். எங்கள் ஊரில் மதியத்திலேயே அந்த 5 கிராம் முடிந்துவிடும்.

தராசுத்தட்டு

உண்மை, அண்ணா. உப்புக்குப் படமும் உதவாது, குத்தலும் உதவாது. இலையின் ஓரத்தில் வைப்பதை வாங்காமல் விடுவதுதான் வழி. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். குழம்பைச் சோற்றில் குளம் கட்டாமல் தொட்டுக்கொள்ளுங்கள். மீனைத் தைரியமாகச் சாப்பிடுங்கள், குழம்பில்தான் உப்பு அதிகம்.

இலைக்கடை

இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், கடைக்காரன் ஒருவன் பேச வேண்டாமா? திருவாரூரில் மெஸ் வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாடு மட்டும், ஒரு நாளைக்குச் சுமார் 110 இலை. மனைவியும் நானும், ஒரு மாஸ்டர், பரிமாற இரண்டு பேர்.

மருந்துப்பை சார், எங்கள் ஆள் ஏன் சோற்றைத் தள்ளுகிறார் தெரியுமா? இலையில் இருப்பதிலேயே மலிவான பொருள் சோறு. பொரியல்தான் விலை. பீன்ஸ் கிலோ நூறைத் தாண்டும்போது இரண்டாவது தடவை பொரியல் கேட்பவரைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். சோறு கேட்டால் சந்தோஷமாகப் போடுவேன். வயிறு நிறைய வேண்டும், காசும் கட்டுப்படியாக வேண்டும், இரண்டையும் செய்வது சோறுதான். நீங்கள் எந்தச் செயலி போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

எண்ணெய் விஷயமும் அப்படித்தான். மாஸ்டர் கரண்டியில் ஊற்றுவதில்லை, டின்னைச் சாய்த்து ஊற்றுகிறார். ஒரு தடவை குறைக்கச் சொன்னேன். "பொரியல் வறட்டுன்னு இருக்கு, நாளைக்கு நாலு பேர் வர மாட்டான், பரவாயில்லையா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

உணவு கொண்டுவந்து தரும் செயலியிலும் சேர்ந்திருந்தேன். "எண்ணெய் குறைவாக" என்று ஆர்டரில் குறிப்பு வரும். காலையிலேயே கூட்டு செய்து இறக்கியாகிவிட்டது, ஒருத்தருக்கு மட்டும் எண்ணெயை எப்படிப் பிரித்து எடுப்பது?

பாமணி

இலைக்கடை அண்ணா, நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று. கேமராவால் முடியாததை நீங்கள் ஒரு வாரத்தில் செய்துவிடலாம். உங்களிடம் பில் போடும் மெஷின் இருக்கிறதா? இருந்தால், எத்தனை சாப்பாடு போனது என்ற எண் அதில் துல்லியமாக இருக்கும். எண்ணெய் டின்னுக்கு 15 கிலோ. திங்கள் காலை புது டின் உடைத்துச் சனி ராத்திரி வரை எவ்வளவு செலவானது என்று பாருங்கள். இதை அதால் வகுத்தால் ஓர் இலைக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். அரிசிக்கும் அதே மாதிரி. உலகத்தில் எந்தச் செயலியாலும் அந்த எண்ணைத் தர முடியாது, உங்களால் முடியும்.

திண்ணை

அந்த எண்ணெய் எத்தனாவது தடவை கொதிக்கிறது என்றும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் பஜ்ஜிக் கடை வாணலியைப் பார்த்தால் தார் ரோடு போடுகிற மாதிரி இருக்கிறது.

இலைக்கடை

திண்ணை அண்ணே, அதற்குத்தான் கருவி வந்துவிட்டதே. உணவுப் பாதுகாப்பு அதிகாரி போன வருடம் வந்தபோது பேனா மாதிரி நீளமாக ஒன்றை எடுத்து வாணலியில் விட்டார். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சதவீதத்தில் காட்டுகிறது. 25-ஐத் தாண்டினால் கீழே கொட்ட வேண்டும், இது 2018 ஜூலையிலிருந்து இருக்கிற விதி. எங்களுடையது 17 காட்டியது. மாஸ்டர் தேர்வில் பாஸான பையன் மாதிரி நின்றார். பழைய எண்ணெயை பயோடீசலுக்கு என்று வாங்கிக்கொண்டு போகவும் ஆள் இருக்கிறது. முன்பு அது எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டாம். நீங்கள் பார்த்த அந்தத் தார் வாணலிக்குத்தான் போகும்.

பாமணி தங்கச்சி சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். திங்கள் ஆரம்பம்.

அரசலாறு

இதில்தான் எனக்கு ஆர்வம் வந்திருக்கிறது. இலைக்கடை, சிட்டையைச் சரியாக எழுதுங்கள். வீட்டு உபயோகத்துக்கு எடுத்த எண்ணெயை இதில் சேர்த்துவிடக் கூடாது.

இலைக்கடை

எட்டு நாள் கழித்து வருகிறேன். கணக்கு முடிந்தது.

ஆறு நாளில் 660 சாப்பாடு. எண்ணெய் ஒன்றரை டின், 22.5 கிலோ. வகுத்தால் இலைக்கு 34 கிராம். அரிசி ஐந்து சிப்பம் (25 கிலோவுக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. என்பதால் இப்போது சிப்பம் 26 கிலோ), ஆக 130 கிலோ. இலைக்கு 197 கிராம் அரிசி. இது சரியா தப்பா, அதிகமா குறைவா, ஒன்றும் தெரியவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.

பாமணி

அப்பளம், வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கழித்தீர்களா அண்ணா?

இலைக்கடை

இல்லை. பயோடீசல்காரர் எடுத்தது இரண்டரைக் கிலோ. கழித்தால் 20 கிலோ. இலைக்கு 30 கிராம்.

தராசுத்தட்டு

அண்ணா, உண்மையைச் சொன்னதற்கு முதலில் நன்றி. 2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாள் தட்டு என்று ஒன்று உண்டு. 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் எண்ணெய் 27 கிராம், தானியம் 250 கிராம், காய்கறி கீரை 400 கிராம். உங்கள் கடையில் ஒரு வேளையிலேயே எண்ணெய் 30. அரிசி 197, அதாவது சமைத்தால் அரைக் கிலோவைத் தாண்டும். அரிசியில் மட்டும் 700 கலோரி பக்கம் வருகிறது, எண்ணெயில் 270.

உங்கள் கடையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அளந்து பார்த்த ஒரே கடை உங்களுடையது. அளக்காத கடைகளில் எவ்வளவோ.

இலைக்கடை

நினைக்கவில்லை மேடம். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. தினமும் சாப்பிடுகிற தாலுகா ஆபீஸ்காரர் ஒருவருக்குப் போன மாசிதான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

மருந்துப்பை

நானும் ஒரு சோதனை செய்து முடித்துவிட்டு வருகிறேன். மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார். 14 நாள் இருக்கும், போனில் கோடு கோடாக வரைந்து காட்டும். சில ஆயிரம் ரூபாய் ஆனது. தொழிலில் இருப்பவன், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று.

நாகப்பட்டினம் ராத்திரி, மூன்று பரோட்டா, சால்னா. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டேன். பதினொன்றுக்கு 168. பரவாயில்லையே என்று படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ராத்திரி ஒன்றரைக்கு 231! எண்ணெய் சேர்ந்ததால் மெதுவாகச் செரித்து, நான் தூங்கும்போது ஏறியிருக்கிறது. அரசலாறு ஐயா, உங்கள் இரண்டு மணி நேரக் குத்தில் இது சிக்கியிருக்காது.

மதியச் சாப்பாட்டில் ஒன்று செய்தேன். பொரியல், கூட்டு, கீரை எது இருந்தாலும் அதை முதலில் காலி செய்துவிட்டு அப்புறம் சோறு. அதே கடை, சுமார் அதே அளவு. உச்சம் 228-லிருந்து 191. பரிமாறுகிறவருக்குத்தான் குழப்பம். "பொரியலை வெறுமனே சாப்பிடுறாரே, சோறு வரலைன்னு கோபமோ?" என்று ஓடிவந்து சோறு தள்ளினார்.

ஆனால் உண்மையான திருடன் வேறு. காபி. டாக்டர் அறை வாசலில் காத்திருக்கும் நேரமெல்லாம் காபி. ஒரு நாளைக்கு ஐந்து. கேட்காமலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை கலந்து, நுரை பொங்க டபராவில் வருகிறது. பத்து ஸ்பூன் என்றால் 40 கிராம். கோட்டைப் பார்த்தால் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஆறு வரை இறங்கவே இல்லை, படிக்கட்டு மாதிரி நிற்கிறது. சாப்பாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், காபி டம்ளர் கமுக்கமாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பதினாலு நாளில் நாலாவது நாளே சர்க்கரை இல்லாமல் கேட்க ஆரம்பித்தேன். முதல் வாரம் கஷாயம். இப்போது டிகாக்‌ஷன் மணம் தெரிகிறது.

தராசுத்தட்டு

அருமை சார். மற்றவர்களுக்கு: சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை அளக்கிறது. விரல் குத்தலைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். சென்சார் உள்ள கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் அமுங்கி, இல்லாத தாழ்வைக் காட்டிப் பயமுறுத்தும். சந்தேகமாக இருந்தால் விரலில் குத்திச் சரிபாருங்கள். எல்லோரும் வாங்க வேண்டியதும் இல்லை. அரசலாறு ஐயாவின் நோட்டே பலருக்குப் போதும். ராத்திரிப் பரோட்டாக்காரர்கள் மட்டும் நாலு மணி நேரம் கழித்து ஒரு குத்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசலாறு

பரோட்டாவை நான் தொட்டு 19 வருடம் ஆகிறது, எனவே என் நோட்டு தப்பித்தது. காபிக்குச் சர்க்கரை போடாதே என்று கும்பகோணத்துக்காரனிடம் சொல்கிற துணிச்சலை மட்டும் ரசித்தேன். நான் அரை ஸ்பூன்.

திண்ணை

கருப்புக் கவுனி, மாப்பிள்ளை சம்பா என்று நம் மண்ணிலேயே மருந்து இருக்கும்போது கையில் ஊசி எதற்கு? மெஸ்ஸில் அதைப் போடச் சொல்லுங்கள்.

இலைக்கடை

அண்ணே, திருத்துறைப்பூண்டி பக்கம் விதை வாங்கி என் மச்சானே மாப்பிள்ளை சம்பா போடுகிறார். அந்த அரிசி விலையில் சாப்பாடு போட்டால் இலை நூற்றைம்பதுக்கு மேல் போகும். தாலுகா ஆபீஸ் பியூன் எப்படிச் சாப்பிடுவார்? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "சோறு வேகலையா?" என்றார்கள்.

தராசுத்தட்டு

அதோடு, பாரம்பரிய அரிசியைப் பட்டை தீட்டி வெள்ளையாக்கிவிட்டால் பெயர் மட்டும்தான் மிச்சம். தவிடு இருக்கிற அரிசியாக இருந்தாலும் அரைக் கிலோ சோறு அரைக் கிலோ சோறுதான், திண்ணை சார். அளவுதான் முதலில்.

இலைக்கடை

மூன்று வாரமாகச் செய்ததைச் சொல்கிறேன்.

மாஸ்டரிடம் எண்ணெயைக் குறை என்று சொல்லவில்லை. 250 மில்லி எவர்சில்வர் குவளை ஒன்று வாங்கி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். "எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க, இதில் மோந்து ஊத்துங்க, எத்தனை குவளைன்னு சுவரில் கோடு போடுங்க" என்றேன். அவ்வளவுதான். முதல் வாரம் கோடு நிறைய இருந்தது. இரண்டாம் வாரம் அவரே குறைத்துவிட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. தாளிக்கிற எண்ணெய் குறைந்தது, அப்பளம் சுட்டது என்று மாறியது, வடை தினமும் இல்லாமல் செவ்வாய், வெள்ளி மட்டும் ஆனது. மூன்றாவது வாரம் 640 சாப்பாடு, பொரித்த மிச்சம் கழித்து 14 கிலோ. இலைக்கு 22 கிராம். வடை எங்கே என்று மூன்று பேர் கேட்டார்கள். எண்ணெய் குறைந்தது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

சோற்றுக்கு வேறு வழி. காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அன்றைய காய் என்ன என்று போடுவது என் பழக்கம். அதிலேயே "அரைச் சோறு, இரட்டைப் பொரியல்" என்று ஒரு வரி சேர்த்தேன். விலை 15 ரூபாய் கூடுதல். பதினொரு மணிக்குள் சொல்ல வேண்டும், அதற்கேற்பக் காய் நறுக்குவேன். முன்னாடியே எண்ணிக்கை தெரிந்தால் எனக்குக் காய் வீணாவதில்லை, அதனால்தான் கட்டுப்படியாகிறது. முதல் நாள் இரண்டு பேர். நேற்று 19 பேர். பசியோடு வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் அரைச் சோறு கேட்பதில்லை என்பதைக் கவனித்தேன். காலையில் வயிறு நிறைந்திருக்கும்போதுதான் கேட்கிறார்கள்.

பாமணி

அண்ணா, சென்னையில் இதைச் செய்ய ஒரு கம்பெனி தொடங்கி, ஆளுக்கு ஒரு லேப்டாப் கொடுத்து, இரண்டு வருடம் எடுத்துக்கொள்வார்கள்!

நான் உங்களுக்கு ஒரு எளிய விரிதாள் செய்து அனுப்புகிறேன். குவளைக் கோடு, சிப்பம், பில் எண்ணிக்கை மூன்றையும் போட்டால் இலைக்கு எவ்வளவு என்று அதுவே காட்டும். மற்ற மெஸ்காரர்கள் கேட்டாலும் கொடுங்கள். தமிழிலேயே செய்கிறேன்.

கடலோரம்

உப்புக்கும் ஒரு குவளை வைக்கச் சொல்லுங்கள்.

இலைக்கடை

உப்பில் கை வைத்தால் மாஸ்டர் ஊருக்குப் போய்விடுவார், தம்பி. ஊறுகாயைக் கேட்டால்தான் வைப்பது என்று மட்டும் மாற்றியிருக்கிறேன். பொறுங்கள், அடுத்தது அதுதான்.

திண்ணை

இலைக்கடை, உங்கள் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். எனக்கில்லை, தம்பிக்கு. அவனுக்குச் சர்க்கரை.

இலைக்கடை

அனுப்பிவிட்டேன் அண்ணே. நாளைக்கு வாழைத்தண்டுப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை, வத்தக்குழம்பு, ரசம், மோர். அரைச் சோறு வேண்டியவர்கள் பதினொன்றுக்குள்.

மருந்துப்பை

நாளை புதன், நான் திருவாரூரில்தான். அரைச் சோறு ஒன்று. பொரியலை முதலில் வைக்கச் சொல்லுங்கள், சோற்றுப் பேசினோடு ஆள் பின்னால் நிற்க வேண்டாம்.

திண்ணை

இரண்டு அரைச் சோறு. தம்பி தனியாகச் சாப்பிட மாட்டான்.